பசித்தும் தின்ன முடியாத கினி பிக்

கொத்தமல்லிக் கட்டைக் கண்டதும் ஓடி வருகிறது. மோந்து பார்த்து ஒரு தண்டை வாயில் வாங்குகிறது. இரண்டு முறை மெல்கிறது. எச்சில் ஊறிய தண்டு தரையில் விழுகிறது. மறுபடி எடுக்கிறது, மறுபடியும் விழுகிறது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. "ரெண்டு நாளா அடம் பிடிக்குது, தின்ன மாட்டேங்குது" என்று வீட்டில் சொல்வார்கள். அது அடம் அல்ல. அதற்குப் பசிக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. கினி பிக் வளர்ப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று காத்திருந்து இழந்த உயிர்கள் நிறைய.

வாய்க்குள் 20 பற்கள்

கினி பிக்குக்கு மொத்தம் 20 பற்கள். நம் கண்ணுக்குத் தெரிபவை முன்னால் உள்ள நான்கு வெட்டுப்பற்கள் மட்டுமே. கோரைப்பல் கிடையாது. ஒரு வெற்றிடம் விட்டு, உள்ளே தள்ளி, பக்கத்துக்கு எட்டாக 16 கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. வாய் மிகக் குறுகலானது. கன்னத்துச் சதையும் உள்பக்கம் மடிந்து கிடப்பதால் கடைவாயை எளிதில் பார்த்துவிட முடியாது.

இந்த 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. வளர்கிற அளவுக்குத் தேய வேண்டும். தேய்மானம் குறைந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்குப் பக்கமாகச் சாய்ந்து நீளும். மேலே உள்ளவை கன்னத்தை நோக்கி நீண்டு சதையைக் கிழிக்கும். முற்றிய நிலையில் இரு பக்கத்துக் கீழ்ப்பற்களும் நாக்கின் மேலே பாலம் போல ஒன்று சேர்ந்துவிடும். நாக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அப்போது உணவு கண்ணெதிரே இருந்தும் விழுங்க வழியில்லை. பல்லின் அடிப்பகுதி எதிர்ப்பக்கமாக நீண்டு தாடை எலும்பை அழுத்துவதும் உண்டு. கண்ணில் நீர் வடிவதற்கும், தாடையின் கீழ் விளிம்பில் முடிச்சுகள் தட்டுப்படுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

கேரட் அல்ல, புல்

கடினமான பொருளைக் கொடுத்தால் பல் தேயும் என்று பலர் நம்புகிறார்கள். கடைகளில் மரக்கட்டையும் விற்கிறார்கள். கட்டையைக் கொறிப்பது முன்பற்களோடு நின்றுவிடுகிறது. கேரட்டை முன்பல்லால் ஒடித்து, சில கடியில் நசுக்கி விழுங்கிவிடும். கடைவாய்ப் பல் தேய்வதற்கு நீண்ட நேரம் அரைக்கிற வேலை வேண்டும். அந்த வேலையைத் தருவது நார் நிறைந்த புல். புல்லில் உள்ள நுண்ணிய சிலிக்காத் துகள்கள் அரம் போலப் பல்லைத் தேய்க்கின்றன.

எனவே தினசரி உணவில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். கூண்டில் காய்ந்த புல் எந்நேரமும் கிடக்க வேண்டும். திமோத்தி புல் இப்போது இங்கும் விற்கிறது, விலைதான் அதிகம். மருந்து தெளிக்காத இடத்தில் பறித்துக் கழுவிய அருகம்புல்லைப் பச்சையாகவே கொடுக்கலாம். பழக்கமில்லாத குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வைக்கோலில் சத்து மிகக் குறைவு, அது புல்லுக்கு ஈடாகாது. குதிரை மசாலில் கால்சியம் கூடுதல். வளரும் குட்டிக்கும் சினைப் பிராணிக்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரக்கூடும். தானியக் கலவையும் ஊறவைத்த கடலையும் இதற்கான உணவே அல்ல. வயிற்றை நிரப்பி, புல் தின்னும் நேரத்தை அவை பறித்துவிடுகின்றன.

வைட்டமின் சி இல்லாவிட்டால் பல் ஆடும்

மனிதர்களைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சியைத் தானே தயாரிக்க முடியாது. 1907இல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் கினி பிக்குகளுக்கு வெறும் தானிய உணவு கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. வைட்டமின் சி பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு வழிதிறந்தது அந்தச் சோதனைதான். பல்லைத் தாடையோடு பிடித்துவைக்கும் திசு கொலாஜனால் ஆனது. கொலாஜன் உருவாக இந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் பல் ஆடும், கோணும், ஈறில் ரத்தம் கசியும், மூட்டு வலிக்கும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை; நோயுற்றபோதும் சினையாக இருக்கும்போதும் மேல் அளவு. ஒரு துண்டுக் குடைமிளகாய் தினமும் கொடுத்தாலே பெருமளவு ஈடாகும். கொய்யாவிலும் நிறைய உண்டு, ஆனால் சர்க்கரையும் உண்டு. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலப்பது வீண். அது சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் கினி பிக் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். முயலுக்கான பெல்லட்டை வாங்கிப் போடுகிறவர்கள் கவனியுங்கள்: முயலின் உடல் இந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால் அந்தத் தீவனத்தில் இதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

தராசு முதலில் சொல்லும்

வேட்டையாடப்படும் பிராணி தன் வலியை மறைக்கும். நமக்கு வெளிப்படையாகத் தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். வளர்ந்த கினி பிக் ஏறக்குறைய 700 முதல் 1200 கிராம் எடை இருக்கும். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். 50 கிராம் குறைந்தால் தினமும் நிறுங்கள்; 100 கிராம் குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கையில் தூக்கிப் பார்த்து இந்த வித்தியாசம் தெரியாது.

புல்லை ஒதுக்கிவிட்டு மெல்லிய இலையை மட்டும் தேடுவது, மெல்லும்போது தலையைச் சாய்ப்பது, மோவாய் நனைந்திருப்பது, புழுக்கை சிறுத்தும் குறைந்தும் போவது, தாடையில் வீக்கம் ஆகியவை அடுத்தடுத்து வரும். இந்தப் பிராணியின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. 12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

நகவெட்டியைத் தொடாதீர்கள்

முன்பல் நீண்டிருக்கிறது என்று நகவெட்டியால் கத்தரித்துவிடுகிறார்கள். பல் நெடுக்கில் பிளந்து கூழ்ப்பகுதி திறந்துகொள்ளும். வலியும் சீழும் அதன் பின்னால் வரும். முன்பல் நீள்வது பெரும்பாலும் கடைவாய்ப் பல் கெட்டதன் விளைவு. மூலம் உள்ளே இருக்க, முன்பல்லை மட்டும் வெட்டிப் பயனில்லை.

சரியான பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும், மண்டையோட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மயக்கமில்லாமல் பார்த்து "பல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால், எடை இறங்கிக்கொண்டே இருக்கும் நிலையில் அதோடு விட்டுவிடாதீர்கள். நீண்ட பற்களைப் பல் மருத்துவக் கருவியால் தேய்த்துச் சமன் செய்வார்கள். நாய், பூனைக்கு வருவதுபோல் கினி பிக்குக்கு வாந்தி வராது; ஆகவே மயக்கத்துக்கு முன் இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் மருத்துவரும் உண்டு. முயல், கினி பிக் பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மருந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள். வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசினும் கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமியை வளரவிட்டு, உயிரையே எடுத்துவிடும்.

சிரிஞ்சில் ஊட்டும்போது

பல்லைத் தேய்த்த பிறகு பல கினி பிக்குகள் உடனே தின்பதில்லை. தாடைத் தசை தளர்ந்திருக்கும், வாய்ப்புண் ஆற நாளாகும். மருத்துவர் தரும் வலி மருந்தை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். வலியோடு இருக்கும் வாய் உணவைத் தொடாது. அந்த நாட்களில் ஊட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. கிரிட்டிக்கல் கேர் போன்ற, தாவரவுண்ணிகளுக்கான மாவைக் குழைக்கலாம். கிடைக்காவிட்டால் கினி பிக் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து நைஸாக மசித்து ஆறவிடலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி வரை, மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம்.

ஒரு துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே ஊன்றியபடி மடியில் வையுங்கள், மல்லாத்தக் கூடாது. 1 மில்லி சிரிஞ்சின் முனையை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தின் வழியே பக்கவாட்டில் நுழையுங்கள். அரை மில்லிக்கும் குறைவாக விடுங்கள். தாடை அசைகிறதா, விழுங்குகிறதா என்று பார்த்து அடுத்ததைக் கொடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். குழைத்த உணவு அடைத்துக்கொண்டால் முனையைச் சற்று வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். சொரசொரப்பு ஈறைக் கிழிக்கும். முடித்ததும் மோவாயை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் தோல் புண்ணாகும். சிரிஞ்சோடு நிறுத்தாமல் பக்கத்திலேயே நுனிப்புல்லும் வையுங்கள். தானாக மெல்லத் தொடங்கினால்தான் பல் மறுபடி தேயும்.

ஒருமுறை பல் கோணிவிட்டால் பலவற்றுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டிவரும். செலவாகும், அலைச்சலும் உண்டு; வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. பல் கோளாறுள்ள பிராணியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், குறை குட்டிக்கும் போகக்கூடும். ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே அதைத் தராசில் வைத்து எடையைக் குறித்துவிடுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவர் கினி பிக் பார்க்கிறார் என்பதையும் விசாரித்து அதே தாளில் எழுதி வையுங்கள்.