கல்லில் உரித்த நார்

நடவாத செயலைக் குறிக்கக் 'கல்லில் நார் உரித்தல்' என்பர் நம் முன்னோர். அச்செயலும் நடந்தேறியது. பாறையிலிருந்து இழையிழையாகப் பிரியும் கனிமம் ஒன்று உண்டு. அதனைத் தமிழில் கல்நார் என்கிறோம். அஸ்பெஸ்டாஸ் என்னும் அதன் மேனாட்டுப் பெயர், 'அணையாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். தீயில் வேகாத அந்நார், மனிதன் மார்பினுள் புகுந்தாலும் அழிவதில்லை; கேடும் அதனால் விளைவதே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கப்பல்களில், கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் கல்நாரைப் போர்த்தினர். எந்திர அறையில் அடைபட்டுப் பணிபுரிந்த மாலுமிகள் அதன் தூசியைச் சுவாசித்தனர். இளமையில் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. 20 முதல் 50 ஆண்டுகள் கழிந்த பின்னரே நுரையீரலிலும் அதனைச் சூழ்ந்த சவ்விலும் புற்றுநோய் தலைகாட்டிற்று. பகைவர் குண்டுக்குத் தப்பியவருட் பலர் தம் கப்பலின் தூசிக்குத் தப்பவில்லை.

கடலையே காணாத மடுல்சீமை மலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவலாம். கப்பற் குழாயைப் போர்த்திய அதே கல்நார், சிமெந்தோடு கலந்து, தோட்டத்து லயங்களின்மேல் கூரைத் தகடாகவும் கிடக்கிறது. கூரைக்குப் பயன்படும் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பனவே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

2018 ஜனவரி முதல் இதன் இறக்குமதியைத் தடுக்க இலங்கை அரசு எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்திற்று. கல்நாரை மிகுதியாக அகழ்ந்து விற்கும் நாடும் அதுவே. இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது. அம்மாத முடிவிலேயே தேயிலைக்கு வழி திறந்தது. கொழுந்து பறிப்பவரின் பிழைப்புக்கு ஈடாக, அவர் உறங்கும் கூரையே விலை பேசப்பட்டது எனலாம்.

முழுதாய்க் கிடக்கும் தகட்டைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை. சிமெந்து நாரை இறுகப் பற்றியிருக்கும். அறுக்கும்போதும், துளையிடும்போதும், காற்றில் உடைந்ததை வாரும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதுமே நார் காற்றில் கலக்கும். ஆதலின் உடைந்த தகட்டை நீரால் நனைத்தே அகற்றுதல் வேண்டும். உலர்ந்த தூளைப் பெருக்குதல் ஆகாது. பிள்ளைகளை அருகில் விடலாகாது.

அன்றைய மாலுமிகளுக்கு இதனை எடுத்துரைப்பார் இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் உளர்.