சமையலறையில் கொடுத்த வாக்கு

வாரா வாரம் காத்திருந்து ஒரு தொடர்கதையைப் படித்து முடிக்கிறீர்கள். பிறகு அதே கதை சினிமாவாக வருகிறது. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என்ன பேசிக்கொள்வீர்கள்? "புத்தகத்தில் இருந்த மாதிரி இல்லையே!" என்பதுதானே?

ஒழுங்காக முதலிலிருந்து முடிவு வரை போகிற கதைக்கே இந்தக் கதி. இன்னொரு கதையை நினைத்துப் பாருங்கள். அது நடுவில் ஆரம்பித்து முன்னுக்கும் பின்னுக்கும் தாவுகிறது. கதாநாயகன் ஒரு பக்கத்தில் தலை நரைத்தவன். அடுத்த பக்கத்தில் சின்னப் பையன். அதற்கடுத்த பக்கத்தில் பனியில் நடுங்கும் சிப்பாய். முடிவு என்ன என்பதையோ ஆசிரியர் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்! இதை எப்படிப் படம் பிடிப்பது?

பிடித்துத்தான் காட்டினார்கள். நாவலின் பெயர் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்'. ஐந்தாம் நம்பர் கசாப்புக் கொட்டகை என்று அர்த்தம். எழுதியவர் கர்ட் வானகட் என்ற அமெரிக்கர். நாவல் வெளியானது 1969-ல். ஜார்ஜ் ராய் ஹில் என்ற டைரக்டர் 1972-ல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். வியட்நாமில் அமெரிக்கப் படைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யுத்தமே வேண்டாம் என்று சொல்லும் கதைக்கு அதைவிட ஏற்ற சமயம் ஏது?

அந்த அம்மாளின் கோபம்

வானகட் யுத்தத்தைக் கண்ணால் கண்டவர். இரண்டாவது உலக மகா யுத்தத்தில் சிப்பாயாகப் போய், 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. டிரெஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய், ஒரு கசாப்புக் கொட்டகையில் மற்றக் கைதிகளோடு அடைத்தார்கள்.

டிரெஸ்டன் அழகுக்குப் பெயர் போன நகரம். வானளாவிய கோபுரங்கள், மாளிகைகளின் மேலே சிற்பங்கள், கடைகளில் பீங்கான் பொம்மைகள்! 1945 பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு தடவை வந்து குண்டு பொழிந்தன. அடுத்த இரண்டு நாட்களில் அமெரிக்க விமானங்கள் வந்தன. நகரத்தின் நடுப்பாகம் வெந்து தணிந்தது. இறைச்சியைக் குளிரில் பாதுகாக்கும் நிலவறைக்குள் இருந்ததால் வானகட் உயிர் பிழைத்தார். வெளியே வந்ததும் அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? இடிபாடுகளைத் தோண்டிப் பிணங்களை எடுப்பது!

மாண்டவர்கள் 1,35,000 பேர் என்று நாவல் சொல்கிறது. அந்த நாளில் பரவியிருந்த கணக்கு அது. பிற்காலத்தில் டிரெஸ்டன் நகரமே சரித்திர அறிஞர்களின் குழு ஒன்றை நியமித்தது. அதிகபட்சம் 25,000 பேர் என்று அந்தக் குழு 2010-ல் முடிவு சொல்லிற்று. கணக்கு குறைந்தது, அதனால் துக்கம் குறைந்துவிடுமா, என்ன?

இந்தக் கதையை எழுத வானகட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. பழைய ஞாபகங்களைக் கிளறிப் பார்க்கலாம் என்று, தம்மோடு சிறையிருந்த பெர்னார்ட் ஓஹேர் என்ற நண்பரின் வீட்டுக்குப் போனார். நண்பரின் மனைவி மேரி, நர்ஸ் வேலைக்குப் படித்தவர். விருந்தாளியைப் பார்த்ததிலிருந்தே அந்த அம்மாளுக்கு முகம் சரியில்லை. பனிக்கட்டித் தட்டைத் தொட்டியில் 'டணார்' என்று போட்டார். கதவுகளைச் சாத்தும் சத்தம் வீடெல்லாம் கேட்டது. உள்ளே கோபம் இருந்தால் பாத்திரம் பேசும் அல்லவா? அது எந்தத் தேசத்துச் சமையலறையானாலும் ஒன்றுதான்!

கடைசியில் அந்த அம்மாள் வெடித்துவிட்டார். சண்டைக்குப் போனபோது நீங்கள் எல்லோரும் பச்சைக் குழந்தைகள். ஆனால் கதை எழுதும்போது தடியாண்மக்களாக வேஷம் போட்டுக்கொள்வீர்கள். பெரிய நடிகர்கள் உங்கள் பாத்திரத்தில் நடிப்பார்கள். யுத்தம் ஏதோ திருவிழா மாதிரித் தோன்றும். அதைப் பார்த்து இன்னும் பல யுத்தங்கள் வரும். மாடியில் விளையாடுகிற என் குழந்தைகளைப் போன்றவர்கள் போய்ச் சாவார்கள். இதுதான் அவருடைய குமுறலின் சாரம்.

வானகட் அந்த இடத்திலேயே கை தூக்கி வாக்குக் கொடுத்தார். ஃபிராங்க் சினாட்ராவுக்கோ ஜான் வேனுக்கோ தம் கதையில் இடமிராது என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குழந்தைகளைத் திரட்டிப் 'புனிதப் போர்' என்று கிளப்பியதாக ஒரு வரலாறு உண்டு. அதை நினைவூட்டிச் 'சிறுவர்களின் சிலுவைப்போர்' என்ற துணைப் பெயரையும் நாவலுக்குச் சூட்டினார். நாவலைச் சமர்ப்பணம் செய்த இருவரில் ஒருவர், அந்த மேரி அம்மாள்தான்.

ஆக, டைரக்டர் ஹில்லின் முன்னால் இருந்த சவால் காலத்தை முன்பின்னாகக் காட்டுவது மட்டும் அல்ல. சினிமாவைப் பற்றி ஒரு தாய் பயந்தாரே, அந்தப் பயம் பலிக்காத சினிமா ஒன்றை எடுத்தாக வேண்டும்!

கதம்பம் தொடுத்த கை

கதாநாயகன் பெயர் பில்லி பில்கிரிம். கண்ணைச் சோதித்து மூக்குக் கண்ணாடி கொடுக்கும் தொழில். மனைவி, பிள்ளை, பெண், நாய், கார் எல்லாம் உண்டு. ஆனால் காலம் அவனுக்குக் கட்டுப்படுவதில்லை. நினைத்தாற்போல் ஜெர்மனியில் கைதியாக இருப்பான். கண் மூடித் திறந்தால் தன் கல்யாண நாளில் இருப்பான். டிரால்ஃபமடோர் என்ற வேறொரு கிரகத்தில் மிருகக்காட்சிச் சாலையில் காட்சிப்பொருளாகவும் இருப்பான்! நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் என்றென்றும் இருக்கின்றன என்பது அந்தக் கிரகத்தாரின் தத்துவம். பிணங்களைத் தோண்டிய ஒருவனுக்கு அந்தத் தத்துவம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், யோசியுங்கள்.

பழைய நாள் படங்களில் காலம் மாறுவதைக் காட்டக் காலண்டர் தாள்கள் பறக்கும். திரை அலையலையாக நெளியும். அந்த வித்தை எதையும் ஹில் தொடவில்லை. ஸ்டீபன் கெல்லர் எழுதிய திரைக்கதையை வைத்துக்கொண்டு, வேலையைப் பெரும்பாலும் படத்தொகுப்பிடம் ஒப்படைத்தார். தொகுத்தவர் ஒரு பெண்மணி. டீடீ ஆலன் என்று பெயர். 1967-ல் 'போனி அண்ட் கிளைட்' படத்தைத் தொகுத்துப் புகழ் பெற்றவர்.

அவருடைய கைவேலையைப் பாருங்கள். கைதி முகாமில் பில்லியின் மேல் குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது. அடுத்த கணம் அவன் சின்னப் பையன். நீச்சல் தெரியட்டும் என்று தகப்பனார் குளத்தில் தூக்கி எறிகிறார். இன்னோரிடத்தில், குண்டு வீச்சு ஓய்ந்ததும் நிலவறைப் படிகளில் பில்லி மேலே ஏறுகிறான். அதே படியேற்றத்தோடு, மனைவியை இழந்த பில்லி வெறும் வீட்டின் மாடிப்படி ஏறுவதும் பின்னிக்கொள்கிறது. யாரும் விளக்கம் சொல்வதில்லை, சொல்லாமலே புரிகிறது. கதம்பம் தொடுக்கிறவர்கள் மருவையும் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் மாற்றி மாற்றி வைத்தாலும் நார் ஒன்றாகத்தானே ஓடுகிறது? அப்படித்தான் இதுவும்.

கதாநாயகனாக நடித்த மைக்கேல் சாக்ஸுக்கு அதுதான் முதல் படம். மழுமழுவென்ற குழந்தை முகம். நட்சத்திரக் களையே இல்லை. மேரி அம்மாளுக்குக் கொடுத்த வாக்கில் பாதி இங்கேயே நிறைவேறிவிட்டது!

இடிந்துபோன டிரெஸ்டனுக்குப் பதிலாக, செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்தில் காட்சிகளைப் பிடித்தார்கள். காமிராவை இயக்கியவர் செக் நாட்டுக்காரரான மிரோஸ்லாவ் ஒண்ட்ரிசெக். கைதிகள் நகரத்துக்குள் நடந்து வரும்போது சிற்பங்களும் தெருவோரத்து முகங்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. பின்னணியில் கிளென் கூல்ட் தேர்ந்தளித்த பாக் சங்கீதம். குண்டு விழும் நேரத்தில் நாமும் நிலவறைக்குள்தான் இருக்கிறோம். தீயின் கோலாகலத்தை வேடிக்கை பார்க்க விடாமல், மேலே வந்ததும் சாம்பலை மட்டும் காட்டுகிறார் டைரக்டர்.

ஒரு பொம்மைக்காக

எட்கார் டெர்பி என்று ஒரு கைதி. வயதில் மூத்தவர், பள்ளி ஆசிரியர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நகரமே இடிந்து கிடக்கும்போது அவர் ஒரு சிறு பொருளைக் கையில் எடுக்கிறார். கொள்ளையடித்தான் என்று சுட்டுவிடுகிறார்கள். நாவலில் அது ஒரு தேநீர்க் கெண்டி. படத்திலோ பீங்கான் பொம்மை. ஒரு நகரத்தையே எரித்தவர்களைக் கேட்க ஆளில்லை. ஒரு பொம்மைக்கு ஓர் உயிர்! படத்தில் என் நெஞ்சை அறுத்த இடம் இதுதான்.

விட்டுப் போனவை

நாவலில் சாவு வரும்போதெல்லாம், மனிதனானாலும் வேறெதுவானாலும், ஆசிரியர் மூன்றே சொற்களில் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி நகர்ந்துவிடுவார். நூறு தடவைக்கு மேல் வரும் அந்தப் பல்லவி படத்தில் ஒரு தடவைகூட இல்லை. வேற்றுக் கிரகத்தாரும் வெறும் குரலாகவே வருகிறார்கள். பில்லியின் மனைவி பதறிக் கார் ஓட்டிக்கொண்டு வரும் காட்சியை ஹாஸ்யமாக்கியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் தவிப்பு சிரிக்கிற விஷயமா?

ஆனால் வானகட்டுக்குப் படம் பரம திருப்தி! நாவலைக் கெடுக்காமல் எடுத்துவிட்டார்கள் என்று மனம் விட்டுப் பாராட்டினார். தம் கதைகளைப் படமாக்கினால் ஒரு பாத்திரம் மட்டும் குறைந்துபோகிறது, அது தாம்தான் என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். 1972-ல் கான் திரைப்பட விழாவில் படம் ஜூரி பரிசு பெற்றது.

எல்லாவற்றையும்விட ஒரு பெரிய நஷ்டம் உண்டு. நாவலில் ஓரிடத்தில் பில்லி ஒரு யுத்தப் படத்தைத் தலைகீழாக, முடிவிலிருந்து ஆரம்பம் வரை பார்க்கிறான். எரியும் நகரத்தின் தீயைக் குண்டுகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. குண்டுகள் மேலே எழும்பி விமானங்களின் வயிற்றுக்குள் போகின்றன. விமானங்கள் பின்னோக்கிப் பறந்து ஊர் சேர்கின்றன. தொழிற்சாலைகளில் குண்டுகளைப் பிரித்துப் போடுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உள்ளேயிருந்த பொருள்கள் இனி யாரையும் துன்புறுத்தாதபடி மண்ணுக்கடியில் போய்ச் சேர்கின்றன.

சினிமாவுக்கென்றே பிறந்தது போன்ற இந்தக் காட்சி சினிமாவில் இல்லை! ஆகையால், படத்தைப் பார்க்கிறவர்கள் நாவலையும் தேடிப் படியுங்கள். அந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, நீங்களே அந்தப் படத்தை ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக விளங்கும்.