தாழ்ந்த காரா, உயர்ந்த வண்டியா?

சாங்வியில் நம்மவர் புதிய கார் வாங்கப் புகுந்தால், செடானா எஸ்.யு.வி.யா என்ற கேள்வியே முதலில் எழுகிறது. நாடெங்கும் விடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வண்டிகளில் நூற்றுக்கு 65 எஸ்.யு.வி. முதலிய உயர்ந்த இனத்தவை. 2024இல் யாவற்றினும் மிகுதியாக விற்றது, நம் புனே மாவட்டத்தில் உருவாகும் டாடா பஞ்ச்.

ஆயினும் அதனைப் போர்க்கால ஜீப்பின் உடன்பிறப்பென்று எண்ணலாகாது. ஜீப்பை நான்கு சக்கரங்களும் இழுக்கும். பஞ்சை முன்சக்கரங்கள் இரண்டே இழுக்கின்றன. சிறிய எஞ்சினும் 4 மீட்டருக்குட்பட்ட நீளமும் உடைய வண்டிகளுக்கு 2006இல் வரிச்சலுகை வந்தது. அவ்வரம்புக்குள் அடங்கப் பிறந்தவையே இக்குறு உருவங்கள். உண்மையில் இவை சற்றே உயர்த்திய கார்கள்தாம்.

உயரத்தால் பயன் இல்லாமலில்லை. முழங்கால் நோவுள்ள தாயார் குனியாமல் நேரே அமரலாம். மழைக்காலக் குண்டுகுழிகளில் வண்டியின் அடி தட்டாது. ஓட்டுபவருக்கோ நெடுந்தூரம் பாதை தெரியும். அந்தப் பெருமிதமும் விலையில் சேர்ந்தது போலும்! ஆனால் பாரம் மேலே இருப்பதால், தாம்ஹிணி மலைப்பாதை வளைவுகளில் உடல் பக்கவாட்டில் சாயும். பின்னாசனத்தாருக்குத் தலை சுற்றும். தாழ்ந்த செடான் காற்றை எளிதில் பிளந்து செல்வதால், சென்னை வரையிலான ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் குறைவாகவே செலவாகும். ஊரிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடியும் டிக்கிக்குள் தனியே அடங்கிக் கிடக்கும்.

ஆகவே, கடையில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்ததோடு முடிவு செய்யாதீர்கள். வீட்டுப் பெரியவரைப் பின்னாசனத்தில் அமர்த்தி, ஒருமுறை ஔந்து வரை சென்று வாருங்கள்.