உஷார்! 25 சதவீதம் என்பது 25 அல்ல

“வெளிநாட்டு ரப்பருக்கு 25 சதவீதம் வரி இருக்கே, நமக்கென்ன பயம்?” கீரிப்பாறைப் பக்கம் ஷீட் விற்கப் போகிற இடத்தில் யாராவது இப்படிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

1991-ல் சந்தையைத் திறந்தோம். 2001 ஏப்ரலில் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகளும் போயின. அதன்பின் நமக்கு மிஞ்சிய வேலி இந்த வரிதான். அதன் வாசகத்தை முழுதாகப் படியுங்கள்: 25 சதவீதம், அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. வில்லங்கம் அந்தக் கடைசி மூன்று சொற்களில். இறக்குமதி ரப்பர் கிலோ 120 ரூபாயைத் தாண்டினாலே வரி 30 ரூபாயோடு நின்றுவிடும். 200 ரூபாய்ச் சரக்குக்கு 25 சதவீதம் என்றால் 50 வரவேண்டும். வருவது 30, அதாவது 15 சதவீதம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ரப்பரோடு கரிப்பொடி முதலியவற்றைக் கலந்து ‘காம்பவுண்ட்’ என்று பெயர் மாற்றினால் 2023 வரை 10 சதவீதம்தான். அந்த ஆண்டு பட்ஜெட்டில்தான் இதற்கும் அதே 25 அல்லது 30 வந்தது. ஆசியான் ஒப்பந்தச் சலுகை வழி வரும் சரக்குக்கு அதுவும் தடையில்லை.

சந்தையைத் திறந்தவர்கள் காவலாளிகளையும் வைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. டயர் விலையைக் கூடிப் பேசி ஏற்றியதாக இந்தியப் போட்டி ஆணையம் நம் ரப்பரை வாங்கும் ஐந்து டயர் நிறுவனங்களுக்கும் அவர்கள் சங்கத்துக்கும் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்டது 2018-ல். உத்தரவு வெளியே வந்ததே 2022 பிப்ரவரியில். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ‘திரும்ப விசாரி’ என்று அனுப்பிவிட்டது. நமக்கோ பால்வெட்டு ஒரு நாள் தவறினால் அன்றைய சிரட்டை காலி.

2011-ல் ரப்பர் விலை கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது வாழையைப் பிடுங்கிவிட்டு ரப்பர் வைத்தவர்களைக் கேளுங்கள். கன்று வெட்டுக்கு வர ஏழு வருடம். அதற்குள் 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே போய்வந்தது. 2024 ஆகஸ்டில் பழைய உச்சத்தையே தாண்டியதும் மறுபடி நாற்றங்கால் தேடுகிறவர்கள், அந்த ஏழு வருடத்தைக் கணக்கில் வையுங்கள்.

இப்போதைக்கு, ஷீட்டைக் கட்டி ஏற்றுமுன் ரப்பர் வாரியத்தின் அன்றைய விலையைப் போனில் பார்த்துவிடுங்கள். நான்காம் தர ஷீட்டை ‘லாட்’ என்று தரம் குறைத்துத் தள்ளினால், வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து எங்கே குறை என்று காட்டச் சொல்லுங்கள்.