பச்சிளங்குழந்தையின் உறக்கம்: பேறுகாலத்திற்கு முன்பே அறிய வேண்டியவை

ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களிடம், குழந்தையை எங்கே, எவ்வாறு உறங்கவைக்கப்போகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதுண்டு. "அதையெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார்" என்பதே பெரும்பாலோரின் விடை. வளைகாப்புக்குப் பின் தாய்வீடு சென்று, குழந்தையுடன் கணவர் வீடு திரும்பும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், குழந்தை இரண்டு வீடுகளில், பலருடைய பொறுப்பில் உறங்குகிறது. பிரசவக் களைப்பின் நடுவே புதியதொன்றைக் கற்றுப் பெரியவர்களுக்கும் எடுத்துரைப்பது கடினம். ஆகவே, கருவுற்றிருக்கும்போதே குடும்பத்தார் அனைவரும் கூடி இதனை முடிவு செய்வது நலம்.

ஏன் இவ்வளவு கவனம்?

நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே எதிர்பாராமல் இறந்துவிடுவது அரிதாக நிகழ்கிறது. இதனைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறோம். பிறந்து 2 முதல் 4 மாதம் வரையிலான காலத்தில் இந்த ஆபத்து மிகுதி. குப்புறப் படுத்த குழந்தை, தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்க நேரிடலாம். உடல் வெப்பமும் எளிதில் தணியாது. மூச்சுக்குத் தடை ஏற்படும்போது விழித்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தைகளைக் குப்புற உறங்கவைக்க வேண்டாம் என அறிவுறுத்தியது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டில் இத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

மல்லாந்து படுத்தால் பால் புரையேறாதா?

பாட்டிமார்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுவே. அவர்களின் அச்சம் இயல்பானது. ஆனால் உடலமைப்பு வேறு விதமாக உள்ளது. மூச்சுக்குழல் முன்புறமும், உணவுக்குழல் அதன் பின்புறமும் அமைந்துள்ளன. குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமையும். கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழலுக்குள் செல்வது எளிதன்று. குப்புறப் படுத்தால் இந்நிலை தலைகீழாகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்த குழந்தையும் எளிதில் குப்புறச் சாய்ந்துவிடும். எனவே பகலோ இரவோ, உறங்கும் ஒவ்வொரு முறையும் மல்லாந்தே படுக்கவைக்க வேண்டும். பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, பிறகு படுக்கவைப்பது போதுமானது.

படுக்கை எப்படி இருக்க வேண்டும்?

அமுங்காத, சமதளமான படுக்கையும், அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு துணியும் போதும். தலையணை, பக்கவாட்டு அணைகள், தடித்த போர்வை, பொம்மை எவையும் வேண்டா. தலை உருண்டையாக அமைவதற்கெனத் தனித் தலையணை தேவையில்லை. விழித்திருக்கும் வேளையில், ஒருவர் அருகிருந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடங்கள் குப்புற விடுவது தலை தட்டையாவதைக் குறைக்கும்; கழுத்துத் தசைகளுக்கும் வலுவூட்டும்.

சேலையில் கட்டும் தூளி நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவருவது. ஆயினும் தூளியில் உடல் வளைந்து, தாடை மார்பில் படிந்து, மூச்சுப்பாதை குறுகக்கூடும். துணி முகத்தை மூடவும் கூடும். பெரியவர் ஒருவர் விழித்து அருகிலிருக்கும்போது மட்டும் தூளியில் தாலாட்டுங்கள். குழந்தை உறங்கியதும் சமதளப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் ஆறு மாதங்களேனும் தாயின் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில் குழந்தை உறங்குவது நன்று. தூக்கம் தரும் மருந்து உட்கொண்டவரோ, புகைபிடிப்பவரோ, மது அருந்தியவரோ குழந்தையை அருகில் அணைத்து உறங்கலாகாது. சோபாவில் குழந்தையுடன் உறங்குவது மிகவும் ஆபத்தானது.

வெப்பமும் புகையும்

நம் ஊர் வெயிலில் கம்பளித் தொப்பியும் அடுக்கடுக்கான துணியும் அணிவித்து உறங்கவைப்பது குழந்தையின் உடலை மிகையாகச் சூடேற்றும். பெரியவருக்குத் தேவையானதைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாக இருந்தால் போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை ஆகியவை பிஞ்சு நுரையீரலுக்கு ஒவ்வாதவை. கொசுவைத் தடுக்க வலையே சிறந்தது.

இரவில் விழிப்பது குறையன்று

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம், விட்டுவிட்டு உறங்கும். பகல், இரவு வேறுபாடு உடலில் பதியச் சில மாதங்கள் ஆகும். நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் தேவைப்படுவதால் இரவில் விழிப்பது இயல்பே. அதனைக் கொண்டு "பால் போதவில்லை" என முடிவு செய்ய வேண்டா. பகலில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும். இரவில் மங்கிய விளக்கில் பாலூட்டி, அமைதியாகப் படுக்கவையுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

எழுப்பினாலும் பால் குடிக்க விழிக்காத சோர்வு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், உடல் சில்லிடுதல், நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, உதடு நீலமாதல் ஆகியவை தென்பட்டால் காத்திராதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, குழந்தையைக் கவனிக்கப்போகும் அம்மாவையோ மாமியாரையோ கணவரையோ உடன் அழைத்து வாருங்கள். படுக்கவைக்கும் முறையை எங்கள் செவிலியர் பொம்மையைக் கொண்டு அவர்களுக்குச் செய்து காட்டுவார்கள்.