மரபணு மாற்றப் பயிர்கள்: அச்சமும் தெளிவும்

கரியாலூரிலிருந்தும் கல்வராயன் மலையின் பிற சிற்றூர்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோரிடம் உணவைப் பற்றிப் பேசும்போது, சந்தைக் கத்தரிக்காயில் மரபணுவை மாற்றிவிட்டார்களாமே, அதை உண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு உரிய விவரங்களை இங்கே தருகிறோம்.

இந்தியாவில் சட்டப்படி உழவர் வயல்களில் பரவலாக விளையும் மரபணு மாற்றப் பயிர் ஒன்றே. அது 2002இல் இசைவு பெற்ற பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழு தின்றால் மடியும்படி அது உருவாக்கப்பட்டது. பருத்திக்கொட்டை எண்ணெயாகவும் மாட்டுத் தீவனமாகவும் அது நம் வாழ்வில் கலந்துள்ளது.

இதே முறையில் உருவான பி.டி. கத்தரி ஆய்வில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. 2009 அக்டோபரில் வல்லுநர் குழு இசைவளித்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய நடுவண் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். ஆகவே இங்கு அதைப் பயிரிடச் சட்டத்தில் இடமில்லை. வங்கதேசமோ 2013இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆதரிப்போர் பூச்சிமருந்தைச் சுட்டுகின்றனர். புழுவுக்கு அஞ்சிப் பலமுறை தெளிக்கும் நஞ்சு, தெளிப்பவரையும் உண்பவரையும் சேர்கிறது. அது குறையும் என்பது அவர்கள் வாதம். நெடுங்கால ஆய்வு போதாது, நாட்டுக் கத்தரி வகைகளில் மகரந்தம் கலந்துவிடும், விதைக்குப் பிறரை எதிர்பார்க்க நேரும் என்பன எதிர்ப்போர் வாதங்கள். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நாளடைவில் எதிர்ப்பாற்றல் பெற்றதையும் அவர்கள் காட்டுகின்றனர். சாமை விதையை வீட்டிலேயே காத்து வைக்கும் மலை உழவருக்கு விதை பற்றிய கவலை எளிதில் விளங்கும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, சோதனைகளைக் கடந்து உலகச் சந்தைக்கு வந்துள்ள இவ்வகை உணவுகளால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. 1990களில் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, ஒவ்வாமை தரும் புரதமும் உடன் வந்தது ஆய்வில் தெரிந்தது. அப்பயிர் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது.

மரபணு மாற்றம் என்ற சொல்லுக்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். 1982 முதல் பயன்பாட்டிலுள்ள மனித இன்சுலின், மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

விவாதம் எப்படி முடிந்தாலும், பூச்சிமருந்து இன்றே நம் வீட்டில் இருக்கிறது. காய்கறிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். மருந்து தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்குமுன் சோப்பிட்டுக் குளித்து உடை மாற்றுங்கள். தெளித்தபின் வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.