செக்ரோலில் ஒரு பிறந்தநாள்

தோட்டங்களிலே விடிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்திற்குப் பிரட்டுக் களம் என்று பெயர். அன்றைய வேலை நிறைவாயின் செக்ரோலில் ‘பேர்’ விழும். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. மனிதரின் பெயரே ஒரு நாட் கூலியின் அளவாகிவிட்ட இடம் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். அந்தப் பெயருக்குரியவர் பிறந்த நாளை மட்டும் அக்களத்தில் எவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஊழியரின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் வழக்கம் கொழும்புக் கம்பெனிகளிலிருந்து மலையேறி வந்திருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்கு மாறிற்று. இன்று சில தோட்டக் கந்தோர்களில் கிளாக்கர் ஐயாவுக்கு வாழ்த்து மடலும் கேக்கும் உண்டு. நல்ல வழக்கந்தான். ஆயினும் கந்தோர் வாசற்படியைத் தாண்டி அது லயத்துப் பக்கம் இறங்குவதில்லை.

இறங்கினாலும் எந்த நாளில் கொண்டாடுவது? அட்டன் பக்கத்தில் கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “எந்தப் பொறந்தநாளுங்க ஐயா? ஆத்தா சொன்னது ஆடி மாசம், பூரம். செக்ரோல்ல இருக்கிறது வேற. அடையாள அட்டையில இருக்கிறது இன்னொண்ணு” என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று இது. ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், ஆயுள் முழுதும் கூலியிற் பிடித்த பணத்திற்காகக் கந்தோருக்கும் தொழிற் காரியாலயத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். பள்ளி இடாப்புகளிலும் இதே கதைதான். பத்திரமில்லாத பிள்ளைக்கு ஜனவரி 1 என்று எழுதிவிடும் தலைமையாசிரியர்களை நான் அறிவேன். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்களே என்று பெற்றோர் மகிழ்ந்து போனார்கள்.

மலையகத் தமிழருக்குப் பிறப்புப் பத்திரம் ஒரு காலத்தில் நாட்டையே தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் பிறந்தவர் தாம் இலங்கையிற் பிறந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. தந்தையேனும், அல்லது பாட்டன் பூட்டன் இருவருமேனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பூட்டனின் பத்திரம் எங்கிருந்து வரும்? 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நாடற்றோர் என்ற பெயரைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆகவே, தோட்டத்துரைமார் தொழிலாளிக்குப் பிறந்தநாட் பரிசு கொடுக்க விரும்பினால், முதலில் அந்த நாளையே சரியாக எழுதிக் கொடுக்கட்டும் என்பேன். பிறப்புப் பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு. அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளும், போய்வர ஒரு நாட் பேரும் வேண்டும். நானறிந்த இளங் கிளாக்கர் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, தம் டிவிசனின் செக்ரோலை அடையாள அட்டைகளோடு ஒப்பிட்டு வருகிறார். இதுவரை பாதிப் பெயர்கள் முடிந்திருக்கின்றன.